ஒரே கேள்வியோடு நான்கு ஆண்டுகள்

உலகப் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த நாட்டில், எந்தப் பல்கலைக்கழகத்தில்?" என்பதுதான். அதைப் பிறகு பார்ப்போம். இந்தப் படிப்பில் ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பது அதற்கு முன் விளங்க வேண்டும். அதை விளக்க, 1981-ல் மொசாம்பிக் நாட்டின் வடக்கே தொடங்கிய ஒரு கதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

நகாலா ஒரு துறைமுக நகரம். ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற சுவீடன் நாட்டு இளம் மருத்துவர் அங்கே மாவட்ட மருத்துவ அதிகாரியாக இருந்தார். மொசாம்பிக் விடுதலை பெற்று ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. சில லட்சம் மக்களுக்கு ஓரிரு மருத்துவர்கள்தான். அந்த ஆண்டு கடும் வறட்சி. கிராமங்களிலிருந்து ஒரு செய்தி வந்தது: நேற்றுவரை நன்றாக நடமாடியவர்களுக்குத் திடீரென்று இரண்டு கால்களும் விறைத்துப்போகின்றன, பிறகு சரியாவதே இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கணக்கெடுத்து முடித்தபோது எண்ணிக்கை 1,100-ஐத் தாண்டியிருந்தது.

தொற்றுநோயாக இருக்குமோ என்பதுதான் முதல் அச்சம். வடக்கிலிருந்து வரும் பேருந்துகளை ராணுவத்தை வைத்து நிறுத்திவிடலாமா என்று நகர மேயர் கேட்டார். ஏதாவது செய்துதானே ஆகவேண்டும் என்று ரோஸ்லிங்கும் சம்மதித்தார். சாலை அடைக்கப்பட்டது. சந்தைக்குப் போகவேண்டிய பெண்கள் பேருந்து இல்லாததால் குழந்தைகளோடு மீனவர்களின் சிறு படகுகளில் ஏறினார்கள். படகுகள் அலையில் கவிழ்ந்து அவர்கள் மூழ்கி இறந்தார்கள். அது தொற்றே அல்ல என்பது பிறகுதான் தெரியவந்தது. ரோஸ்லிங் 2017-ல் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த 'ஃபாக்ட்ஃபுல்னெஸ்' நூலில் இந்த நிகழ்ச்சியை எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒருவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஏன் ஆய்வு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. பொதுச் சுகாதாரத்தில் ஒரு முடிவு ஒரே நோயாளியைத் தொடுவதில்லை, ஊரையே தொடுகிறது. காரணம் தெரியாமல் எடுத்த முடிவு நல்ல எண்ணத்தில் எடுத்ததாக இருந்தாலும் உயிர்களைப் பறிக்கும்.

காரணம் மரவள்ளிக்கிழங்கில் இருந்தது. நம் சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசிக்காக விளைகிற அதே கிழங்குதான், ஆனால் அங்கே பயிரிடப்பட்டது கசப்பு வகை. அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் மிகுதி. ஊறவைத்தோ புளிக்கவைத்தோ வெயிலில் நாள்பட உலர்த்தியோதான் அதைப் போக்க வேண்டும். அந்த மக்களுக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனால் வறட்சியில் மற்றப் பயிரெல்லாம் கருகி, கசப்பு மரவள்ளி மட்டும் மிஞ்சியபோது, பசியோடு இருக்கும் பிள்ளைக்காக எந்தத் தாய் வாரக்கணக்கில் காத்திருப்பாள்? சயனைடை நஞ்சற்றதாக மாற்ற உடலுக்குக் கந்தகம் வேண்டும். அது மீனிலும் பயறு வகைகளிலும் உள்ள புரதத்திலிருந்து கிடைக்க வேண்டும். அதுவும் அப்போது இல்லை. ரோஸ்லிங்கும், மொசாம்பிக்கில் பணியாற்றிய ஜூலி கிளிஃப் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரும், உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று கேட்டார்கள். சயனைடு உடலில் மாறி உண்டாகும் தயோசயனேட்டைச் சிறுநீரில் அளந்தார்கள், தொற்றுக்கான வாய்ப்புகளை ஒவ்வொன்றாக விலக்கினார்கள். 1984-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவுகள் வந்தபோது ஆசிரியர் பெயராக அச்சானது மொசாம்பிக் சுகாதார அமைச்சகம். 1986-ல் ரோஸ்லிங் இதே பொருளில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஒரு கொள்ளை நோயின் நடுவே எழுந்த கேள்வி, ஐந்து ஆண்டுகளில் மற்றவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய விடையானது. முனைவர் ஆய்வு என்பது இதுதான்.

கேள்வியை எப்படிச் சிறிதாக்குவது?

விண்ணப்பிக்க வருபவர்களிடம் "எதில் ஆய்வு செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டால், "நீரிழிவு", "தாய்சேய் நலம்", "பருவநிலை மாற்றமும் உடல்நலமும்" என்று பதில் வரும். இவை துறைகள். நான்கு ஆண்டுகளில் ஒரே ஆள், குறைந்த பணத்தில், நேர்மையாக விடை காணக்கூடியதாகக் கேள்வி சுருங்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 'இந்தத் திட்டம் நல்லதா?' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஓராண்டு முழுக்க மாத்திரையைத் தொடர்கிறார்களா, நிறுத்துகிறவர்கள் எந்தக் கட்டத்தில், எதனால் நிறுத்துகிறார்கள் என்பது ஆய்வுக் கேள்வி. இதை எண்ணிச் சொல்லலாம், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டும் அறியலாம்.

கேள்வியைச் சுருக்கினால் ஆய்வின் மதிப்பு குறைந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். மரவள்ளிக் கதையின் மீதி அந்தப் பயத்தைப் போக்கும். ரோஸ்லிங் வறட்சியிலும் பஞ்சத்திலும் நோய் வந்ததைப் பார்த்திருந்தார். ஆனால் இதே நோய் அன்றைய ஜயீர் நாட்டில், இன்றைய காங்கோவில், பஞ்சம் இல்லாத பகுதிகளிலும் வந்துகொண்டிருந்தது. ஏன்? அவரோடு இணைந்த தோர்கில் தில்லெஷர் இதைத் தன் முனைவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய குழு பாண்டுண்டு பகுதிக் கிராமங்களில் தேடியபோது கிடைத்த விடையை யாரும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது. 1970-களில் தலைநகருக்குப் புதிய தார்ச்சாலை வந்தது. மரவள்ளி விற்பனைப் பொருளானது. லாரி வருவதற்குள் கிழங்கைத் தயாராக்கும் அவசரத்தில், மூன்று நாள் ஊறவேண்டியதை ஒரே நாளில் எடுக்கும் பழக்கம் வந்துவிட்டது. வளர்ச்சி என்று நாம் கொண்டாடும் ஒரு சாலை, அடுப்படி வழியாகப் பெண்களின் கால்களை வந்தடைந்திருக்கிறது. மருத்துவமனைக்குள் மட்டும் தேடியிருந்தால் இது கடைசிவரை தெரிந்திருக்காது.

அடுத்த கேள்வி காங்கோ நாட்டவரிடமிருந்தே வந்தது. காரணம் தெரிந்துவிட்டது, சரி. மக்கள் கைவிட முடியாத ஓர் உணவை எப்படிப் பாதுகாப்பாக்குவது? காங்கோவின் மருத்துவர் பானெயா மயாம்பு 1997-ல் உப்சாலாவில் முனைவர் பட்டம் பெற்றது இந்தத் தடுப்பைப் பற்றித்தான். பிறகு அவர் தம் நாட்டின் சத்துணவுத் திட்டத்திலேயே பொறுப்பேற்றார். ஆஸ்திரேலிய வேதியியலாளர் ஹோவர்ட் பிராட்பரி ஓர் எளிய வழியைக் கண்டறிந்திருந்தார்: மரவள்ளி மாவைத் தண்ணீரில் பிசைந்து, மெல்லிய படலமாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரமோ நிழலில் ஐந்து மணி நேரமோ வைத்தால் மிச்சமுள்ள சயனைடு வாயுவாக வெளியேறிவிடும். 2010-க்குப் பிறகு இருவரும் சேர்ந்து காங்கோ கிராமப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கிராமங்களில் ஆய்வுக் காலத்தில் புதிதாக யாருக்கும் கால் விறைக்கவில்லை.

மூன்று ஆய்வேடுகள், முப்பது ஆண்டுகள். எந்த ஆய்வேடும் தனியாக நோயைத் தடுத்துவிடவில்லை. ஒவ்வொன்றும் தன் கேள்விக்கு மட்டும் உறுதியான விடை தந்ததால்தான் அடுத்தவர் அதன் மேல் நின்று மேலே போக முடிந்தது. உலகைக் காப்பாற்றும் தலைப்போடு வரும் விண்ணப்பங்கள் தேர்வுக் குழுவைக் கவராததற்குக் காரணமும் இதுதான்.

'உலக' என்றால் வெளிநாடா?

வெளிநாட்டில் படிப்பதையோ ஆப்பிரிக்காவில் களப்பணி செய்வதையோ இந்தச் சொல் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓர் இடத்தில் கிடைத்த அறிவு எல்லை தாண்டிப் பிற இடங்களுக்கும் பயன்படுகிறதா, நோயின் காரணங்கள் எல்லை தாண்டுகின்றனவா என்பதே இங்கே முக்கியம். இதற்கு நம் சென்னையே சான்று. 1956-ல் மதராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சென்னை மாநில அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதில் கைகோத்தன. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து, ஓய்வும் நல்ல உணவும் கொடுத்தால்தான் குணமாகும் என்று அன்று உலகம் நம்பியது. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு வீட்டிலும் மறு பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 1959-ல் வெளிவந்த முடிவு: வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், அவர்களோடு வசித்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மறைந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

ஆகவே திருவண்ணாமலையிலோ மட்டக்களப்பிலோ களப்பணி செய்துகொண்டே உலகப் பொதுச் சுகாதாரத்தில் முனைவராகலாம். அந்த ஆய்வின் விடை தன் மாவட்டத்துக்கு அப்பாலும் ஏதாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

யார் சேரலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருத்துவராக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. செவிலியர், பல் மருத்துவர், சித்த மருத்துவர், புள்ளியியல், பொருளியல், சமூகப்பணி, மானுடவியல், கால்நடை மருத்துவம் படித்தவர்கள் எல்லோரும் இத்துறையில் இருக்கிறார்கள். பொதுச் சுகாதாரத்திலோ அதை ஒட்டிய துறையிலோ முதுநிலைப் பட்டம் இருந்தால் வழி எளிது. இரண்டு வகைப் பட்டங்கள் உண்டு. பிஎச்.டி. என்பது ஆராய்ச்சியாளரை உருவாக்குவது. டி.ஆர்.பி.எச். என்பது ஏற்கெனவே சுகாதாரத் துறையில் பணியில் இருந்து, திட்டங்களை வழிநடத்தப் போகிறவர்களுக்கானது. பல்கலைக்கழகத்தில் கற்பித்து ஆய்வு செய்யும் எண்ணம் இல்லாதவர்கள் இரண்டாவதை யோசிப்பது நல்லது. வயது ஒரு தடையே அல்ல. பத்தாண்டு களத்தில் நின்ற சுகாதார ஆய்வாளரிடமும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும் இருக்கும் கேள்விகள், நேராகக் கல்லூரியிலிருந்து வருகிறவரிடம் இருப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நாட்டுக்கு நாடு முறை

சுவீடனிலும் நார்வேயிலும் முனைவர் மாணவர் ஓர் ஊழியர். கட்டணம் கிடையாது, மாதச் சம்பளம், விடுப்பு, பிள்ளைப்பேற்று விடுப்பு எல்லாம் உண்டு. அதனால் அங்கே ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கை அறிவிப்பு என்று ஒன்று வராது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா போன்ற நிறுவனங்களில் ஓர் ஆய்வுக் குழுவுக்குப் பணம் கிடைத்ததும் அந்தக் குறிப்பிட்ட திட்டத்துக்கு ஆள் தேவை என்று வேலைவாய்ப்புப் பக்கத்தில் விளம்பரம் வரும். கேள்வியின் பெரும்பகுதி அதிலேயே முடிவாகியிருக்கும். சொந்தக் கேள்வியில் பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இது நெருக்கடிதான். சம்பளம் தரும் நிம்மதியா, கேள்வியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையா என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சுவீடனில் முழுநேரமாக நான்கு ஆண்டுகள். ஆய்வேடு பெரும்பாலும் சில ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பாக இருக்கும். அவற்றை இணைத்து, முழுப் பொருளையும் விளக்கும் ஒரு முன்பகுதியை மாணவர் எழுத வேண்டும். பாதிக் காலத்தில் ஒரு மதிப்பீடு. கடைசியில், வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பாவது அச்சிட்ட ஆய்வேட்டை ஆணி அடித்துப் பொது இடத்தில் தொங்கவிடும் பழைய வழக்கம் இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக் குறை சொல்லலாம் என்பது அதன் பொருள். தேர்வும் திறந்த அரங்கில்தான். வெளியிலிருந்து வரும் ஒரு நிபுணர் எதிர்வாதியாக அமர்ந்து கேள்விமேல் கேள்வி கேட்பார். மாணவரின் அம்மாவும் நண்பர்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆய்வை ஊர் முன்னால் வைத்துக் காக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு பொதுச் சுகாதாரத்துக்கு மிகவும் பொருந்துகிறது.

பிரிட்டனில் மூன்று முதல் நான்கு ஆண்டுகள். லண்டனிலும் லிவர்பூலிலும் உள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் 1890-களின் கடைசியில், பேரரசின் குடியேற்றங்களில் இருந்த அதிகாரிகளையும் வணிகத்தையும் நோயிலிருந்து காக்கத் தொடங்கப்பட்டவை. அந்தத் தொடக்கத்தைப் பற்றி அங்கேயே இன்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள் என்பது நல்ல மாற்றம். முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் ஆய்வுத் திட்டத்தைச் சமர்ப்பித்து ஒரு தேர்வைத் தாண்ட வேண்டும். அதன் பிறகே முனைவர் பட்ட மாணவர் என்ற நிலை உறுதியாகும். இறுதித் தேர்வு மூடிய அறைக்குள் நடக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் மிக அதிகம். உதவித்தொகை கையில் இல்லாமல் கடன் வாங்கிப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, அதன் பிறகே ஆய்வேடு. ஐந்து ஆண்டுகள் சாதாரணம். புள்ளியியலிலும் நோய்ப்பரவலியலிலும் அடித்தளம் போதாது என்று உணர்பவர்களுக்கு அந்த வகுப்புகள் பெரிய வரம்.

இந்தியாவிலேயே செய்யலாம் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை உலகம் மதிக்கும் ஆய்வுகள் நடந்த இடங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 42,000. இலங்கையில் மருத்துவர்களுக்குக் கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் சமூக மருத்துவப் பட்டம் நன்கு நிலைபெற்ற பாதை.

வெளிநாட்டுக்கு உதவித்தொகை தேடுபவர்கள் காமன்வெல்த் உதவித்தொகையை முதலில் பார்க்கலாம். தகுதியுள்ள நாடுகளின் பட்டியலை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் பிணையங்களுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்த நாட்டுக்குப் போகிறோமோ அங்கே கடந்த மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அங்கே முதுநிலை படித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த விதியைத் தாமதமாகத் தெரிந்துகொண்டு ஏமாந்துபோகிறார்கள். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோருக்கு இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. பழங்குடியினருக்குத் தனித் திட்டம் உண்டு. முதல் திட்டத்தில் 2022-லிருந்து, இந்தியா சார்ந்த சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்ற விதி வந்துவிட்டது. சாதியும் உடல்நலமும் பற்றி ஆராய மிகவும் தகுதியானவர்கள் யாரோ, அவர்களுக்கே அந்தக் கதவு சாத்தப்பட்டிருப்பது வருந்தத்தக்கது. விண்ணப்பிப்பவர்கள் தலைப்பை எழுதுமுன் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மக்கள் அனுமதி, அரசு அனுமதி

மனிதரைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இந்தியாவில் களப்பணி செய்தால் இரண்டு பக்கமும் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பணமோ கூட்டாய்வோ இருந்தால், சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவிடமும் போக வேண்டியிருக்கும். ரத்த மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தனி விதிகள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். முதல் ஆண்டுத் திட்டத்திலேயே இந்தக் காலத்தை ஒதுக்காதவர்கள் உதவித்தொகை தீரும்போது இன்னும் களத்திலேயே இருப்பார்கள்.

ஆனால் கையெழுத்து வாங்கிவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. 1989-ல் ஜயீரின் மகாங்கா என்ற கிராமத்தில் ரோஸ்லிங் குழு ரத்த மாதிரி எடுக்கப் போனது. இவர்கள் ரத்தத்தை எடுத்து விற்கப்போகிறார்கள் என்று வதந்தி. வெட்டரிவாளோடு ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது அந்த ஊரின் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் முன்னால் வந்தார். முன்பு தட்டம்மையில் நம் பிள்ளைகள் செத்தார்கள், இப்போது தடுப்பூசி வந்து சாவு நின்றது, அந்தத் தடுப்பூசி இப்படி ஆராய்ந்துதானே கிடைத்தது, நம் கால் நோய்க்கும் இவர்கள் காரணம் தேடுகிறார்கள் என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். பிறகு தன் கையையே நீட்டி ரத்தம் எடுக்கச் சொன்னார். ஆய்வின் பொருளை ஆய்வாளரைவிட அவர்தான் தெளிவாக விளக்கினார். அப்படி ஒருவர் எழுந்து பேசும் அளவுக்கு ஊர் நம்மை அறிந்திருக்கிறதா என்பதைக் கிளம்புமுன் ஒவ்வொரு ஆய்வாளரும் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ் தெரிந்த நாம் தமிழ்க் கிராமத்தில் ஆய்வு செய்யும்போதும் இது பொருந்தும். மொழி ஒன்றாக இருந்தாலும் சாதியும் வர்க்கமும் இடையில் நிற்கின்றன.

வெளியிலிருந்து வந்து, மாதிரியும் தரவும் எடுத்துக்கொண்டு போய், உள்ளூர்க்காரர் பெயரில்லாமல் கட்டுரை போடும் வழக்கம் இத்துறையின் பழைய நோய். கட்டுரையில் யார் பெயர் வரும், எந்த வரிசையில் வரும், தரவு யாரிடம் இருக்கும் என்பதைக் களப்பணிக்கு முன்பே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும். முடிவை முதலில் அந்த ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும், இதழுக்கு அனுப்புவது அதன் பிறகு.

களத்துக்கே போகாமல், இருக்கும் தரவை வைத்தும் நல்ல ஆய்வேடு எழுதலாம். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் 1966 முதல் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி எல்லாம் தொடர்ந்து பதிவாகிவருகின்றன. பல ஆய்வேடுகள் அந்தப் பதிவுகளிலிருந்து பிறந்தவை. இந்தியாவின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் அப்படி ஒரு சுரங்கம். ஆனால் பிறர் பணத்தில் நடக்கும் தரவை மட்டும் நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு. 1984-லிருந்து அமெரிக்க உதவியில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் 2025-ல் நிதி நிறுத்தப்பட்டு நின்றுபோனது. பல நாடுகளில் பாதியில் இருந்த கணக்கெடுப்புகளும் அப்படியே நின்றன. அதை நம்பி இரண்டாம் ஆண்டில் இருந்த மாணவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். முதல் வழி அடைபட்டால் எந்தத் தரவில் அதே கேள்வியைக் கேட்பேன் என்பதற்கு ஒரு மாற்றுத் திட்டம் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த கேள்வி. எந்தப் பல்கலைக்கழகம்? என் பதில், எந்த நெறியாளர் என்று முதலில் பாருங்கள் என்பதுதான். உங்கள் கேள்விக்கு அருகில் யார் வேலை செய்கிறார் என்பது அவருடைய கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளைப் படித்தால் தெரியும். அதில் இரண்டையாவது முழுதாகப் படித்துவிட்டு ஒரு பக்கத்துக்குள் மின்னஞ்சல் எழுதுங்கள்: என் கேள்வி இது, உங்கள் இந்த ஆய்வு இங்கே நின்றிருக்கிறது, நான் இங்கிருந்து தொடர நினைக்கிறேன், எனக்கு இந்தக் களம் தெரியும். எல்லோருக்கும் அனுப்பும் ஒரே கடிதத்தை யாரும் படிப்பதில்லை. பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதில் தவறில்லை.

நெறியாளர் சம்மதித்த பிறகு நம்மில் பலர் தயங்கி விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. அவருடைய பழைய மாணவர்கள் இருவர், மூவரைக் கண்டுபிடித்துப் பேசுவது. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பார், எழுதிக் கொடுத்ததை எவ்வளவு நாளில் படித்துத் தருவார், களத்தில் பணம் தீர்ந்தபோது என்ன செய்தார், குழந்தை பிறந்தபோது எப்படி நடந்துகொண்டார், கட்டுரையில் முதல் பெயரை யாருக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள். பட்டத்தை முடிக்காமல் விட்டுப்போனவர் யாராவது இருந்தால் அவரிடம் அவசியம் பேசுங்கள். பெரிய நெறியாளரிடம் இதையெல்லாம் விசாரிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நல்ல நெறியாளர் தாமாகவே அவர்களின் முகவரியைத் தருவார். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.